தம்பூராவை இரைச்சல் என்று நினைக்கும் மென்பொருள்: இசை வகுப்பும் இணையக் கருவிகளும்

காணொளி அழைப்பில் இசை சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானது. ஆசிரியர் தம்பூராவை மீட்டிக்கொண்டு பாட ஆரம்பிப்பார். முதல் சில வினாடிகள் மறுமுனையில் சுருதி கேட்கும்; அப்புறம் மங்கி, காணாமலே போய்விடும். ஒரே சுரத்தில் நீளமாக நின்றாலும் இதே கதிதான், குரல் நடுநடுவே அறுந்து வரும். இணைப்பு மோசம் என்று நினைத்து ஆளாளுக்கு ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். பெரும்பாலும் இணைப்பில் கோளாறு எதுவும் இருக்காது. மென்பொருள் தனக்கு இட்ட வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கும். அது இசைக்காக இட்ட வேலை இல்லை, அவ்வளவுதான்.

ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சு விட்டுவிட்டு வரும், நொடிக்கு நொடி மாறும். மின்விசிறியும் ஏசியும் மாறாமல் ஒரே மாதிரி இரைந்துகொண்டிருக்கும். எனவே மாறாமல் நீடிப்பது இரைச்சல், வடிகட்டிவிடு என்பது அவற்றின் கணக்கு. அந்தக் கணக்கில் தம்பூராவும் மின்விசிறியும் ஒன்றுதான். இது போதாதென்று, மெல்லப் பாடினால் ஒலியைக் கூட்டி, ஓங்கிப் பாடினால் அமுக்கிச் சமன்செய்யும் வசதி வேறு. பேசுபவருக்கு நல்லது. ஒரு வரியைச் சன்னமாக எடுத்து மெல்ல மெல்லப் பெரிதாக்குவது எப்படி என்று காட்ட நினைக்கும் ஆசிரியரின் உழைப்பு முழுக்க வீண். 2020-ல் இணைய வகுப்புகள் பெருகியபோது ஜூமே இசைக்கலைஞர்களுக்கென்று தனி அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அதைத் தேடிப்பிடித்து முடுக்கினால் இந்த வடிகட்டலெல்லாம் நின்றுவிடும்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வகுப்பறைக்குள் வரும் எந்தக் கருவியை எடுத்தாலும், இசை என்பது எது, எது இல்லை என்று அதைச் செய்தவர் முன்கூட்டியே எடுத்த ஒரு முடிவு அதற்குள் இருக்கும். தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவியாக 1815-ல் மெல்ட்சல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோமுக்குள்ளும் அப்படி ஒரு முடிவு இருந்தது: அடிகள் எல்லாம் சம இடைவெளியில் வர வேண்டும். தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற பழைய விவாதத்தை விட, எந்தக் கருவிக்குள் எந்த முடிவு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஆசிரியருக்கு அதிகம் உதவும்.

சேர்ந்து பாட முடியாதது ஏன்

இணைய வகுப்பில் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் கைத்தட்டல் நம் காதுக்கு வந்துசேர ஏறத்தாழ 29 மில்லிசெகண்ட் ஆகும். சேர்ந்து வாசிப்பவர்கள் சிரமமில்லாமல் தாங்கக்கூடிய தாமதமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்: 25 முதல் 30 மில்லிசெகண்ட். சாதாரணக் காணொளி அழைப்பில் தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டுவது சகஜம். மைதானத்தின் ஒரு கோடியில் ஒருவர், 35 மீட்டர் தள்ளி மறுகோடியில் இன்னொருவர் நின்று தாளம் போடுவதற்குச் சமம் அது.

அப்படிப் போட்டால் என்ன ஆகும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணினி இசை ஆய்வு மையத்தில் கிறிஸ் சேஃபும் அவருடைய குழுவினரும் இரண்டு பேரைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, நடுவில் தாமதத்தைக் கூட்டியும் குறைத்தும் கைதட்டச் சொல்லிப் பார்த்தார்கள். தாமதம் கூடக் கூடத் தாளம் மந்தமாகிக்கொண்டே போனது. ஒருவரின் அடிக்காக மற்றவர் காத்திருக்கிறார், அவருக்காக இவர் காத்திருக்கிறார், காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், தேய்கிறது. வேடிக்கை என்னவென்றால், தாமதம் மிகமிகக் குறைவாக இருந்தபோது வேகம் தானாகவே ஏறியது.

தூரம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஒளியிழையில் தகவல் 1,000 கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லிசெகண்ட் போதும். மீதி நேரமெல்லாம் ஒலியைச் சுருக்குவதிலும், மறுமுனையில் விரிப்பதிலும், வழியில் துண்டுகள் தொலைந்தால் சமாளிப்பதற்காகச் சற்றே தேக்கிவைப்பதிலும் போகிறது. ஸ்டான்ஃபோர்டில் உருவான ஜேக்டிரிப், திறந்த மூல மென்பொருளான ஜாமுலஸ் போன்றவை இந்தத் தேக்கத்தைத்தான் குறைக்கின்றன. கம்பிவழி இணைப்பு, கம்பிவழி ஹெட்போன் இரண்டும் இருந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் ஓரளவு சேர்ந்து வாசிக்கலாம். புளூடூத் ஹெட்போனை மாட்டினால் அது மட்டுமே 100 மில்லிசெகண்டுக்கு மேல் சேர்த்துவிடக்கூடும். கண்டம் விட்டுக் கண்டம் என்றால் இதுவும் கைகொடுக்காது; இயற்பியலோடு பேரம் பேச முடியாது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் தனித்தனியே பதிவுசெய்து பிறகு ஒட்டும் முறை. அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010-ல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரை அவரவர் வீட்டிலிருந்தே பாடவைத்து ஒரே சேர்ந்திசையாகத் தொகுத்து வெளியிட்டார். பிறகு 2020-ல் பள்ளிகள் தோறும் அந்த மாதிரிக் காணொளிகள் வந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அதில் பாடிய பிள்ளை யாரையும் கேட்டுப் பாடவில்லை. காதில் ஓடும் வழிகாட்டிப் பதிவோடு ஒட்டிக்கொண்டு தனியாகப் பாடியது. பக்கத்தில் இருப்பவர் குரலுக்கு இடம்விட்டுத் தன் குரலைக் குறைப்பது, மூச்சை ஒன்றாக எடுப்பது, ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்குவது, இதெல்லாம் அந்தப் பயிற்சியில் வரவே வராது. விழாவுக்குச் செய்யலாம், சேர்ந்து பாடும் பாடமாக அதைக் கணக்கில் வைக்கக் கூடாது.

ஆசிரியர் ஒரு வரி பாடி, மாணவர் திருப்பிப் பாடும் பழைய முறைதான் தாமதத்தைச் சட்டை செய்யாமல் ஓடுகிறது. இணையத்துக்கு ஏற்ற பாடமுறை இணையத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

பச்சை விளக்கு எரிந்தால் சுருதி சேர்ந்துவிட்டதா

கைப்பேசியில் சுருதி காட்டும் செயலிகள் இப்போது ஏராளம். பாடினால் முள் நகரும், சரியாக இருந்தால் பச்சை, விலகினால் சிவப்பு. தொடக்க நிலை மாணவருக்கு, அதுவும் தான் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்றே தெரியாத பிள்ளைக்கு, இது நல்ல உதவி. ஆனால் இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை ஒரு ஸ்தாயியை (ஒரு ச முதல் மேல் ச வரை) 12 சமப் பங்காக வெட்டியிருக்கின்றன. சுர இடைவெளியை அளக்கும் அலகு சென்ட்; ஒரு ஸ்தாயிக்கு 1,200 சென்ட். ஒவ்வொரு படிக்கும் 100.

ஆதார ஷட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தம்பூராத் தந்தியை மீட்டும்போது அதன் ஐந்து மடங்கான 1,000 ஹெர்ட்ஸும் மேற்சுரமாகக் கேட்கும். அந்தர காந்தாரம் தம்பூராவோடு இழைந்து கேட்பது இதனால்தான். அதை இரண்டு ஸ்தாயி கீழே கொண்டுவந்தால் 250 ஹெர்ட்ஸ். சமப் பங்குக் கணக்கிலோ அதே காந்தாரம் கிட்டத்தட்ட 252 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 14 சென்ட். அதாவது தம்பூராவைக் கூர்ந்து கேட்டு அதோடு ஐக்கியமாகப் பாடும் மாணவரைப் பார்த்து, செயலி 'கீழே இருக்கிறாய்' என்று சொல்லும். அதை நம்பி முள்ளுக்குத் தோதாக ஏற்றிக்கொண்டால் தம்பூராவோடு உரசும். பஞ்சமத்தில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே வித்தியாசம் 2 சென்ட்தான். மேல்நாட்டுச் சேர்ந்திசைக் குழுக்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. துணை இல்லாமல் பாடும் நல்ல குழு தன் மூன்றாம் சுரத்தைப் பியானோவை விடச் சற்றுத் தாழ்த்தித்தான் நிறுத்தும்.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் வந்துவிட்டால் முள் வெறுமனே துள்ளும், ஒன்றும் சொல்லாது. அங்கே தேவைப்படுவது ஒரு கணத்தைக் காட்டும் முள் இல்லை, சுரம் போன பாதையைக் காட்டும் கோடு. லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருள் அந்தப் பாதையை வரைந்து காட்டும். ஆசிரியர் பாடிய ஒரு தோடி ராகத்துக் காந்தாரத்தையும் மாணவர் பாடியதையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தால், அசைவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு உயரம் போகிறது, எங்கே தங்காமல் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். வாயால் பத்து முறை விளக்கியும் புரியாத விஷயம் சிலருக்கு இப்படிப் பார்த்ததும் புரியும். ஆனால் பார்த்துப் புரிந்துகொண்டதைப் பார்க்காமல் பாட வேண்டும்; அதற்குத் திரையை மூடித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்துக்கு ஆய்வுத் துணையும் இருக்கிறது. உடல்திறன்களைக் கற்பது பற்றி 1984-ல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை முன்வைத்த கருத்து இது: ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் சரி, தவறு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது திறமை கூடியது போலத் தெரியும். அந்த வழிகாட்டலை எடுத்துவிட்டால் கற்றது நிற்பதில்லை. வாசிப்புக்கு மதிப்பெண் போடும் செயலிகளைப் பற்றி எனக்கு உள்ள தயக்கம் இதனால்தான். அவை சுரத்தையும் அது விழுந்த நேரத்தையும் அளக்கின்றன. நாதம், மூச்சு, மணிக்கட்டின் இறுக்கம், ஒரு வரியை எங்கே கொண்டுபோய் முடிக்கிறோம் என்பது எதுவும் அவற்றுக்குத் தெரியாது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், எதற்கு மதிப்பெண் வருகிறதோ அதை மட்டும் செய்யக் கற்றுக்கொள்வார்கள்.

கட்டங்களுக்குள் இசை

கணினியில் இசையமைக்க உதவும் பேண்ட்லேப், சவுண்ட்ட்ராப், ஆப்பிளின் கராஜ்பேண்ட் போன்றவற்றைத் திறந்தால் ஒரு வெற்றுக் கட்டத்தாள் வரும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடி, நான்கு அடித் தாளம் என்று ஏற்கனவே போட்டிருக்கும். இந்த 120 எங்கிருந்து வந்தது? மிடி கோப்புகளுக்கான விதியிலேயே, வேகம் குறிப்பிடாவிட்டால் 120 என்று எடுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறது. 1983-ல் பொதுவெளிக்கு வந்த மிடி, வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளச் செய்த ஏற்பாடு. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் கொடுத்தது. பியானோவின் நடு சி சுரம் 60. விசைப்பலகையை மனதில் வைத்துச் செய்ததால், 60-க்கும் 61-க்கும் நடுவில் இருப்பதைச் சொல்லச் சுற்றுவழியில் போக வேண்டியிருந்தது. சுரத்தை வளைக்கும் கட்டளை உண்டு, ஆனால் அது அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் ஏற்பாடு 2018-லும், பிறகு 2020-ல் வந்த மிடி 2.0 வழியாகவும்தான் முறைப்படி வந்தது.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முப்பது பேருக்கு இசையமைக்கும் வேலை கொடுத்தால் முப்பதும் 120-ல் நான்கு அடியில் வருவது ஏன் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏழு அடி வை, வேகத்தை 74 ஆக்கு, தாளத்தைத் தானாக ஒழுங்குபடுத்தும் பொத்தானைத் தொடாதே என்று மூன்று நிபந்தனை போட்டாலே வரும் இசை வேறு மாதிரி இருக்கும்.

சிறுவர்களுக்கு கூகுளின் குரோம் மியூசிக் லேப் நல்ல இடம். 2016-ல் வந்தது. பெயர் பதிவு, கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. செய்ததை ஒரு சுட்டியாகச் சேமித்துக்கொள்ளலாம். வகுப்பு நேரத்தில் பாதி கடவுச்சொல் மறந்த பிள்ளைகளிடம் போகும் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மெட்டு வரையும் பகுதியில் ஐந்து சுர அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், எங்கே தொட்டாலும் ஓரளவு இனிமையாகத்தான் வரும். முதல் நாளுக்கு அது சரி. மூன்றாவது வாரமும் அப்படியே விட்டால், எதைத் தொட்டாலும் நன்றாக இருக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

இசைக் குறிப்பு எழுதும் மென்பொருள்களில் மியூஸ்ஸ்கோர் இலவசம், திறந்த மூலம், பள்ளிகளுக்குப் போதும் போதும் என்ற அளவு வசதி உண்டு. அதன் சிக்கல் அது எதையும் வாசித்துவிடும் என்பதுதான். மூச்சுவிட இடமில்லாத பன்னிரண்டு வரியைப் புல்லாங்குழல் ஒலியில் சளைக்காமல் வாசிக்கும். எழுதிய மாணவர் மகிழ்ந்துபோவார். அதே தாளை உண்மையான புல்லாங்குழல்காரரிடம் கொடுத்தால் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்! எழுதியதை ஒரு முறையாவது மனிதர் வாசித்துப் பார்க்கும்வரை வேலை முடியவில்லை என்று விதி வைத்துவிடலாம்.

எளிய கருவியே பெரிய கருவி

இவ்வளவு சொன்ன பிறகு, வகுப்புக்கு ஒரே ஒரு கருவிதான் தருவோம் என்றால் நான் கேட்பது ஒலிப்பதிவு. எடிசன் 1877-ல் செய்துகாட்டியது. இன்று எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. இசை எது என்று அது எந்த முடிவும் எடுப்பதில்லை, கிட்டத்தட்ட கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. பாடும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்குப் போவதால் நமக்குக் கேட்பதும் மற்றவர்களுக்குக் கேட்பதும் ஒன்றில்லை. அதோடு, சாகித்தியம், தாளம், அடுத்த சங்கதி என்று மனம் பல பக்கம் ஓடுவதால், பாடுகிறவர் தன்னை முழுதாகக் கேட்பதும் இல்லை. பதிவைக் கேட்கும்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார். முதலில் எல்லோருக்கும் வெட்கமாக இருக்கும். சில வாரங்களில் சரியாகிவிடும்.

வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி இதன் அடுத்த படி. இசைத்தட்டு நாட்களில் சுழலும் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இன்று யூடியூபிலேயே சுருதி மாறாமல் கால் வேகம் வரை குறைக்கலாம். பாதிக்குக் கீழே போனால் மிருதங்கச் சொற்களின் விளிம்பு குழம்பிவிடுகிறது. அதற்கு மேல் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. சுரங்கள் வேகமாக உருண்டோடும் ஒரு பிருகாவுக்குள் எத்தனை சுரம் இருக்கிறது என்று மாணவரே எண்ணிக் கண்டுபிடிப்பது, ஆசிரியர் எழுதிக்கொடுப்பதை விட ஆழமாக இறங்கும்.

நடைமுறையில் இடிக்கும் இடம் நேரம். வாரம் ஒரு பதிவு அனுப்புங்கள் என்றால் 30 மாணவர்கள் ஆளுக்கு 3 நிமிடம் அனுப்புவார்கள். கேட்பதற்கே 90 நிமிடம், கருத்து எழுத இன்னும் அவ்வளவு. மூன்றாவது வாரம் ஆசிரியர் கைவிட்டுவிடுவார். அதற்குப் பதில், வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பதிவுசெய்து கேளுங்கள், அதில் உங்களுக்கே திருப்தி இல்லாத 20 வினாடியை மட்டும் வெட்டி, என்ன பிரச்சினை என்று ஒரு வரியும் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பதற்கு மொத்தம் 10 நிமிடம்தான். முக்கியமான வேலை, அதாவது தவறைக் கண்டுபிடிப்பது, மாணவர் கைக்குப் போய்விட்டது. அந்த ஒரு வரியைப் படித்தாலே அவர் காது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். சுருதி விலகிய பதிவை அனுப்பி, 'தாளம் கொஞ்சம் ஓடுகிறது' என்று எழுதியிருந்தால், அடுத்த வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லை. வெட்டுவதற்கு ஆடாசிட்டி போதும், அது இலவசம்.

புதிதாக வந்திருப்பவை

செயற்கை நுண்ணறிவில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கலந்த பதிவிலிருந்து குரல், தாளவாத்தியம், பேஸ் என்று தனித்தனியே பிரித்துக் கொடுப்பது. இணைய இசைச் சேவை நிறுவனமான டீசர் 2019-ல் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்ட பிறகு இது எல்லோர் கைக்கும் வந்தது. குரலை எடுத்துவிட்டுப் பக்கவாத்தியத்தோடு பாடிப் பழகலாம். பேஸ் என்ன செய்கிறது என்று தனியே கேட்கலாம். ஓரங்களில் கொஞ்சம் தண்ணீரில் ஊறிய மாதிரிக் கேட்கும், பழகிக்கொள்ளலாம். காதுப் பயிற்சிக்கு இது வரப்பிரசாதம் என்றே சொல்வேன்.

மற்றது, தானே இசையைச் செய்து கொடுப்பது. 2019 மார்ச்சில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் பிறந்தநாளுக்காக கூகுள் தன் முகப்பில் ஒரு விளையாட்டு வைத்தது: இரண்டு தாளக்கட்டு (பார்) நீள மெட்டு கொடுத்தால் பாக் பாணியில் மற்ற மூன்று குரல்களை அது சேர்த்துக் கொடுக்கும். பாக்கின் 306 சேர்ந்திசை ஒத்திசைவுகளைக் கொண்டு பயிற்றுவித்தது. இசைக் கோட்பாடு தெரிந்தவர்கள் அதில் பிழைகள் கண்டுபிடித்தார்கள். வகுப்புக்கு அது பிழையே இல்லாமல் வருவதை விட உபயோகம்; எங்கே விதி மீறியது, ஏன் கேட்க ஒரு மாதிரி இருக்கிறது என்று தேடவைக்கலாம். இப்போது சூனோ போன்றவை ஒரு வரி எழுதினால் குரலோடு முழுப் பாட்டையே தருகின்றன. எதைக் கேட்டுக் கற்றன என்பது குறித்துப் பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தன. ஆசிரியருக்கு உடனடிக் கவலை வேறு: வீட்டுப்பாடமாக வந்த மெட்டை யார் செய்தது? முடிந்த பாட்டை மட்டும் கேட்டால் கண்டுபிடிக்க வழியில்லை. முதல் முயற்சி, கைவிட்ட முயற்சி, மாற்றியதற்குக் காரணம் என்று வழியையும் சேர்த்துக் கேட்பதுதான் இருக்கும் ஒரே உபாயம். அது முன்பே செய்திருக்க வேண்டியதும் கூட.

உரிமை விஷயம் சுருக்கமாக. இயற்றியதற்கு ஒரு உரிமை, பதிவுக்குத் தனி உரிமை. நூற்றாண்டுகளுக்கு முந்தைய இசை பொதுச்சொத்து. அதைப் போன வருடம் ஒருவர் வாசித்துப் பதிவுசெய்தது பொதுச்சொத்து இல்லை. 2006-ல் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் உரிமைக்காலம் முடிந்த இசைத்தாள்கள் குவிந்திருக்கின்றன. நாட்டுக்கு நாடு காலக்கெடு வேறுபடுவதால் ஒரு பதிப்பகத்தின் எதிர்ப்புக் கடிதத்துக்குப் பிறகு 2007-ல் மூடி, 2008-ல் மறுபடி திறந்தது. பள்ளிப் பிள்ளைகள் வாசித்த பழைய இசையை யூடியூபில் ஏற்றினால், வேறு யாரோ செய்த பதிவு என்று தானியங்கிச் சோதனை உரிமை கோருவதும் நடக்கும். பயப்படாமல் மறுப்புத் தெரிவிக்கலாம். பிள்ளைகளின் முகத்தோடு ஏற்றலாமா என்பதைப் பெற்றோரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுவது நல்லது.

கடைசியாக, கோப்புகள். இசைக்குறிப்பு மென்பொருள்களில் மூத்ததும் பலர் நம்பியிருந்ததுமான ஃபினாலேவை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்ட்டில் அறிவித்தது. ஒரு வகுப்பின் பல வருட உழைப்பு ஒரே நிறுவனத்தின் கோப்பு வடிவத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று பலருக்கு அன்றுதான் உறைத்தது. எந்த மென்பொருளில் செய்தாலும், பருவ முடிவில் இசைக்குறிப்பைப் பல மென்பொருள்கள் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும், ஒலியை வேவ் கோப்பாகவும் இறக்கி வைத்துவிடுங்கள். மிடியாக மட்டும் வைத்தால் போதாது. சுரங்கள் இருக்கும், வில் எங்கே திரும்ப வேண்டும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று மாணவர் போட்ட குறிகள் இருக்காது.